யார் கண்ணால் பார்ப்பது? காரவாஜ்ஜோவின் பிரான்சிஸும் லான்ஃபிராங்கோவின் மார்கரெட்டும்

பரவசத்தில் இருப்பவர் எதையோ பார்க்கிறார். பக்கத்தில் நிற்பவருக்கு அது தெரிவதில்லை. செருகிய கண்ணும் துவண்ட கையும்தான் தெரிகின்றன. இதை வரைய முனையும் ஓவியர் முதலில் ஒன்றைத் தீர்மானித்தாக வேண்டும்: புனிதர் கண்டதை வரைவதா, புனிதரைப் பார்த்துக்கொண்டிருந்தவர் கண்டதை வரைவதா? பரோக் காலச் சமய ஓவியங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் ஒளி, இருள், வண்ணம், உடலின் முறுக்கு என்றே பேசிக்கொண்டு போவார்கள். எனக்கு என்னவோ அந்த ஒரு தீர்மானத்திலிருந்துதான் மற்றதெல்லாம் கிளைக்கிறது என்று படுகிறது.

இரண்டு ஓவியங்களை எடுத்துக்கொள்ளலாம். ஒன்று, காரவாஜ்ஜோ 1595ஐ ஒட்டி ரோமில் வரைந்த அசிசி பிரான்சிஸின் பரவசம். இப்போது அமெரிக்காவில் ஹார்ட்ஃபர்ட் நகரின் வாட்ஸ்வொர்த் அத்தீனியம் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மற்றது, ஜொவான்னி லான்ஃபிராங்கோ 1622இல் வரைந்த கொர்த்தோனா மார்கரெட்டின் பரவசம். அது ஃபுளோரன்சில் பித்தி அரண்மனையில் இருக்கிறது. பிரான்சிஸ் ஒரு சபையை நிறுவியவர். மார்கரெட் அந்தச் சபையின் மூன்றாம் கிளையில் சேர்ந்த பெண். இரண்டு படங்களிலும் நினைவிழந்து சாயும் உடல். இரண்டிலும் அதைத் தாங்கிப் பிடிக்க வானதூதர். இவ்வளவு ஒத்துப்போவதால்தான் மாறுபடுகிற இடம் பளிச்சென்று தெரிகிறது. காரவாஜ்ஜோவின் வானத்தில் யாரும் இல்லை. லான்ஃபிராங்கோவின் படத்திலோ வானம் திறந்து கிறிஸ்துவே மேகத்தின் மேல் வந்துவிட்டார்.

பிரான்சிஸின் கதை தெரிந்ததுதான். 1224 செப்டம்பரில் லா வெர்னா மலையில் நோன்பிருந்தபோது, ஆறு சிறகுள்ள செராபீன் ஒருவர் சிலுவையில் அறையுண்ட மனிதரின் வடிவில் தோன்றினார். அந்தக் காட்சி மறைந்ததும் பிரான்சிஸின் கையிலும் காலிலும் விலாவிலும் காயங்கள் இருந்தன. ஐந்துகாய வரம் என்று நம் கிறிஸ்தவர்கள் சொல்வது இதைத்தான். 1300ஐ ஒட்டி ஜொத்தோ இதை வரைந்த பலகை இன்று லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. செராபீனின் காயங்களிலிருந்து பிரான்சிஸின் காயங்களுக்குக் கோடுகளே இழுத்திருக்கிறார் ஜொத்தோ. எது எங்கிருந்து வந்தது என்பதில் பார்ப்பவருக்குத் துளி ஐயமும் வந்துவிடக் கூடாது என்ற கவலை அதில் தெரிகிறது. அதன் பிறகு பல தலைமுறை ஓவியர்கள் பெரும்பாலும் இந்தச் சட்டகத்துக்குள்ளேயே நின்றார்கள்: மேலே செராபீன், கீழே மண்டியிட்டுக் கைவிரித்த பிரான்சிஸ், ஓர் ஓரத்தில் தோழர் லெயோ.

காரவாஜ்ஜோ செராபீனை எடுத்துவிட்டார். மண்டியிடுவதையும் எடுத்துவிட்டார். அவருடைய பிரான்சிஸ் தரையில் கிடக்கிறார். புல்பூண்டு முளைத்த மண்ணில், கரடுமுரடான அங்கியோடு, இளம் வானதூதர் ஒருவரின் மேல் சாய்ந்து கிடக்கிறார். கைகளில் ஆணித் தழும்பு துலங்கவில்லை. அங்கியில் நெஞ்சருகே சிறு கிழிசல் ஒன்று, அதற்குள் ஒரு காயம், அவ்வளவுதான். கையொன்று அந்த இடத்தைத் தடவப் போனதுபோல் நெஞ்சின் மேல் கிடக்கிறது. ஐந்து காயங்களில் நான்கைக் கழித்துவிட்டு மீதி ஒன்றையும் தேடிப் பார்க்கும் அளவில் வைத்திருக்கிறார். லெயோ இருக்கிறார், ஆனால் பின்னால் இருட்டில், முதல் பார்வையில் கண்ணுக்கே தட்டுப்படாமல் இருக்கிறார்.

ஒளியை அவர் என்ன செய்தார் என்பது இன்னும் சுவையானது. பிரான்சிஸ்கன் சபையினரிடம் வழங்கிய பழங்கதையில் அன்றிரவு மலை முழுவதும் தீப்பற்றியதுபோல் ஒளிர்ந்தது. ஆடு மேய்ப்பவர்கள் அதைக் கண்டு நடுங்கினார்கள். சத்திரத்தில் படுத்திருந்த கோவேறு கழுதைக்காரர்கள் சன்னலில் வெளிச்சம் பட்டதும் விடிந்துவிட்டது என்று நினைத்து, எழுந்து பொதி ஏற்றிப் புறப்பட்டுவிட்டார்களாம். கொஞ்ச நேரம் கழித்து உண்மையான சூரியன் உதித்தபோதுதான் குழம்பினார்கள். இந்தக் கதை கையில் கிடைத்தால் வேறொரு ஓவியர் மலையையே கொளுத்தியிருப்பார். காரவாஜ்ஜோவின் படத்தில் தொலைவில் சிலர் தீ மூட்டி உட்கார்ந்திருக்கிறார்கள், விரல் நுனி அளவுக்கு. அடிவானத்தில் ஒரு வெளிறிய கீற்று. பரவசத்தின் பேரொளியெல்லாம் அந்த மூலைக்குப் போய்விட்டது. முன்னால் இருக்கும் இரு உடல்கள் மேல் விழும் வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று படம் சொல்வதே இல்லை.

ஆக, பிரான்சிஸ் கண்டதை அவர் நமக்குக் காட்டவில்லை. பக்கத்தில் இருந்தவருக்குத் தெரிந்ததைத்தான் காட்டுகிறார் என்று முடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது. நவீன ரசனைக்கு இது வசதியான முடிவும்கூட. ஆனால் அந்த வானதூதர் இதைக் கெடுக்கிறார். லெயோ அவரைப் பார்க்கவில்லை. தொலைவில் குளிர் காய்பவர்களும் பார்க்கவில்லை. பிரான்சிஸின் கண் ஏறக்குறைய மூடிக்கிடக்கிறது, அவரும் பார்க்கவில்லை. படத்துக்குள் இருக்கும் யாருக்கும் தெரியாத அவர் நமக்கு மட்டும் தெரிகிறார், அதுவும் படத்திலேயே மிகத் தெளிவாக, தோள் திறந்து, வெள்ளைத் துணி சுற்றி, தொட்டுவிடும் தூரத்தில். லா வெர்னா நிகழ்வைச் சொல்லும் பழைய வரலாற்றில் பிரான்சிஸை இப்படி ஏந்திப் பிடிக்கும் தூதர் கிடையாது. இறந்த கிறிஸ்துவைத் தூதர்கள் தாங்கிப் பிடிக்கும் பழைய படங்களிலிருந்தும், ஒலிவத் தோட்டத்தில் கலங்கிய இயேசுவுக்குத் திடமூட்ட ஒரு தூதர் வந்த லூக்கா நற்செய்திக் காட்சியிலிருந்தும் வந்தவர் இவர். நோயுற்ற பிரான்சிஸுக்குத் தூதர் வயலின் வாசித்து ஆறுதல் சொல்லும் படமும் அப்போது பரவிக்கொண்டிருந்தது. அகொஸ்தீனோ கராச்சி 1595இல் அதைச் செப்புத் தகட்டில் பொறித்து அச்சிட்டார்.

காரவாஜ்ஜோவின் தூதர் கையில் வாத்தியம் இல்லை. ஒரு கை உடலைத் தாங்க, மற்றொரு கையின் விரல்கள் பிரான்சிஸின் இடுப்புக் கயிற்றைப் பற்றியிருக்கின்றன. அந்த விரல்களைக் கொஞ்ச நேரம் பார்க்க வேண்டும். இறுக்கிப் பிடிக்கவும் இல்லை, அவிழ்க்கவும் இல்லை. சாய்ந்த உடலை நழுவாமல் நிறுத்த ஒரு பிடி வேண்டியிருக்கிறது, கயிறு கைக்கு வந்திருக்கிறது. முகத்தில் பதற்றம் இல்லை. நோயாளியோடு நெடுநேரம் இருந்து பழகியவரின் முகம் அது. இந்தத் தொடுதலில் காமச் சாயை உண்டு என்று எழுதியவர்கள் பலர். இருக்கலாம். அதே கலைஞர் அதே ஆண்டுகளில் வரைந்த யாழ் மீட்டும் பையன்களின் சாடை இந்தத் தூதரிடம் இருப்பது உண்மைதான். ஆனால் கயிற்றைப் பிடித்த அந்தக் கைக்கு அதைவிட எளிய வேலை ஒன்று இருக்கிறது என்பதே என் எண்ணம்.

இவ்வளவு கூர்ந்து பார்க்கச் சொல்லும் படம் யாருக்காக இருந்தது? ஏறத்தாழ 92 செ.மீ. உயரம், 128 செ.மீ. அகலம். பீடத்தின் மேல் ஏற்றக்கூடிய அளவும் இல்லை, வடிவும் இல்லை. ஜெனோவாவைச் சேர்ந்த வங்கியாளர் ஒத்தாவியோ கோஸ்தாவிடம் இது இருந்தது. காரவாஜ்ஜோவுக்கு அப்போது தம் மாளிகையில் இடமும் சோறும் கொடுத்து ஆதரித்த கர்தினால் தெல் மோந்தேயின் திருமுழுக்குப் பெயர் பிரான்செஸ்கோ மரியா என்பதையும் நினைவில் வைக்கலாம். இது சுவர் ஓரமாக நின்று தனியே பார்க்கும் படம். பார்ப்பவருக்குக் கதை முன்பே தெரியும். செராபீன் எங்கே என்று அவர் கேட்கப்போவதில்லை. அத்தோடு இன்னொன்றும் பொருந்திவருகிறது. பிரான்சிஸ் தம் காயங்களை ஒளித்தவர். அங்கிக் கைகளை இழுத்துவிட்டுக்கொண்டு, துணி சுற்றி, கூட இருந்தவர்களுக்கும் தெரியாமல் பார்த்துக்கொண்டார் என்று அவருடைய வரலாறு சொல்கிறது. மறைத்தவரின் காயத்தை மறைவாகவே வரைவதில் ஒரு நேர்மை உண்டு.

ஒரு சின்ன விலகல். 1603இல் காரவாஜ்ஜோ மேல் தொடரப்பட்ட அவதூறு வழக்கில் ஓவியர் ஒராத்சியோ ஜெந்திலெஸ்கி சாட்சி சொன்னார். காரவாஜ்ஜோ ஒரு கப்புச்சின் துறவி அங்கியையும் ஒரு ஜோடி சிறகையும் தம்மிடம் இரவல் வாங்கியதாகவும், சிறகைத் திருப்பித் தந்து பத்து நாள் இருக்கும் என்றும் நீதிமன்றத்தில் சொன்னது பதிவாகியிருக்கிறது. ஹார்ட்ஃபர்ட் படத்துக்குச் சில ஆண்டுகள் பிந்திய சங்கதி இது. ஆனாலும் இந்தப் படங்களின் முன் நிற்கும்போது அந்தச் சிறகு நினைவுக்கு வராமல் இருப்பதில்லை. தூதரின் தோளில் கட்டிய இரவல் சிறகு!

இனி மார்கரெட். அவள் கதை பிரான்சிஸ் கதைக்கு நேர் எதிரான ஊரில் நடக்கிறது, எல்லோரும் பார்க்கும் ஊரில். 1247இல் லவியானோவில் பிறந்தவள். மொந்தேபுல்சியானோவின் செல்வந்த இளைஞன் ஒருவனோடு மணமாகாமல் ஒன்பது ஆண்டு வாழ்ந்து ஒரு மகனையும் பெற்றாள். ஒரு நாள் அவன் திரும்பவில்லை. அவனுடைய நாய் மட்டும் வந்து அவளைக் கூட்டிப்போய்க் கொலையுண்டு கிடந்த உடலைக் காட்டியது என்கிறது மரபு. தந்தை வீட்டில் சேர்க்கவில்லை. மகனோடு கொர்த்தோனாவுக்கு வந்து, பிரான்சிஸ்கன் துறவிகளிடம் அடைக்கலம் கேட்டு, மூன்றாம் சபையில் சேர்ந்து, 1297இல் இறந்தாள். அவளுடைய பாவ அறிக்கையைக் கேட்டுவந்த துறவி ஜுந்தா பெவெஞாத்தி அவள் வரலாற்றை எழுதினார். அதில் கிறிஸ்து அவளோடு ஓயாமல் பேசுகிறார். முதலில் ‘ஏழைப் பெண்ணே’ என்றுதான் கூப்பிடுகிறார்; ‘மகளே’ என்று எப்போது கூப்பிடுவார் என்று அவள் ஏங்குகிறாள். ஒருமுறை கோயிலில் இயேசுவின் பாடுகளை அவள் நாழிகை நாழிகையாக அனுபவித்துத் துடித்ததை, வேலையைப் போட்டுவிட்டு ஊரே வந்து பார்த்து அழுதது என்கிறார் பெவெஞாத்தி. பிரான்சிஸுக்கு மலையும் இருட்டும் வாய்த்தன. மார்கரெட்டின் பரவசத்துக்குத் தொடக்கம் முதலே சபை கூடியிருந்தது.

லான்ஃபிராங்கோவுக்கு இந்த வேலையைக் கொடுத்தவர் கொர்த்தோனாவின் வெனூத்தி குடும்பத்தார். சாந்தா மரியா நுவோவா கோயிலில் தங்கள் பீடத்துக்காகக் கேட்டார்கள். அந்த ஆண்டு 1622. மார்ச் 12 அன்று ரோமில் ஒரே நாளில் ஐந்து பேருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தார்கள்: இஞ்ஞாசியார், பிலிப் நேரி, அவிலா தெரேசா, உழவர் இசிதோர், 1540களில் முத்துக்குளித்துறைப் பரதவர் நடுவே அலைந்து திரிந்த நம் சவேரியார். இவர்களில் இசிதோர் நீங்கலாக மற்ற நால்வரும் முந்திய நூற்றாண்டுக்காரர்கள். முன்னூறு ஆண்டாகக் காத்திருந்த கொர்த்தோனாக்காரர்கள் இதைப் பார்த்துச் சும்மா இருந்திருப்பார்களா? மார்கரெட்டின் திருநாளைத் தங்கள் ஊரில் கொண்டாட 1515இல் பத்தாம் லியோ அனுமதித்திருந்தார். படம் வரைந்த மறு ஆண்டு, 1623இல், எட்டாம் உர்பான் அந்த அனுமதியைப் பிரான்சிஸ்கன் சபை முழுமைக்கும் விரித்தார். புனிதர் பட்டம் 1728இல்தான் கிடைத்தது. ஆக, லான்ஃபிராங்கோ வரைந்தபோது அவள் சட்டப்படி இன்னும் புனிதை ஆகவில்லை. பீடத்தின் மேல் ஏறிய அந்தப் படம் ஒரு விண்ணப்பமும்கூட.

விண்ணப்பத்தில் ஆதாரத்தை மறைத்துவைக்க முடியாது. இங்கேதான் கிறிஸ்து ஏன் மேகத்தின் மேல் வந்தார் என்பது புரிகிறது. செருகிய கண்ணை மட்டும் காட்டினால் போதாத காலம் அது. ஸ்பெயினில் கோர்தொபா கன்னிமடத் தலைவியாக இருந்த மக்தலேனா தெ லா குரூஸ், பரவசங்களுக்கும் காயங்களுக்கும் பேர்போனவர், எல்லாம் ஏமாற்று என்று ஒப்புக்கொண்டு 1546இல் தண்டனை பெற்றார். 1588இல் லிஸ்பனில் மரியா என்ற மடத்துத் தலைவியின் ஐந்து காயங்களைச் சோப்புப் போட்டுக் கழுவிப் பார்த்தார்கள், சாயம் போய்விட்டது. காயத்தை வரைவது ஓவியர்களின் தனி உரிமை இல்லை என்று திருச்சபைக்குத் தெரிந்துவிட்டது. போலிப் புனிதத்தைத் தேடிப் பிடிப்பது விசாரணை மன்றத்தின் வேலைகளில் ஒன்றாயிற்று. ரோமின் ஒப்புதல் பெறாதவரைப் புனிதராகக் காட்டும் படங்களுக்கு 1625இல் எட்டாம் உர்பான் தடை போட்டார். பரவச ஓவியங்களை உணர்ச்சிப் பெருக்கின் காலம் என்ற ஒரே தலைப்பில் அடைத்துவிடுகிறவர்கள், அது அதே அளவுக்குச் சந்தேகத்தின் காலமும்கூட என்பதைக் கவனிப்பதில்லை. மெய்ப்பாட்டை நடித்துவிடலாம். அதனால் மெய்ப்பாட்டுக்குக் காரணமானவரையே படத்துக்குள் கொண்டுவர வேண்டியிருந்தது. மார்கரெட் பார்த்ததை நாமும் பார்க்கிறோம். இனி அவளை எப்படி நம்பாமல் இருப்பது?

இதையே சொல்லி லான்ஃபிராங்கோவை வெறும் பிரசாரக் கலைஞர் ஆக்கிவிடுவது எளிது. காரவாஜ்ஜோவைத் தூக்கிவைக்க விரும்புகிறவர்கள் அதைத்தான் செய்கிறார்கள். ஆனால் படத்தில் மேல் பாதியை விட்டுவிட்டு அந்தப் பெண்ணைப் பாருங்கள். கைகள் இரண்டும் விலகி விரிந்திருக்கின்றன. உள்ளங்கை திறந்திருக்கிறது, விரல்களில் பிடிப்பு இல்லை. தலை பின்னால் சாய்ந்திருக்கிறது, வாய் லேசாகத் திறந்திருக்கிறது. கனத்த அங்கி உடலைக் கீழே இழுக்கிறது. பார்வை மேலே இழுக்கிறது. பின்னாலிருந்து தூதர்கள் தாங்கியிருக்காவிட்டால் அடுத்த நொடி விழுந்திருப்பாள். காரவாஜ்ஜோவின் பிரான்சிஸ் விழுந்து முடித்தவர். அவருக்கு நடந்தது நடந்துவிட்டது, இப்போது ஓய்வு. மார்கரெட்டுக்கு அது இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. பரவசத்தின் பின்விளைவை வரைவதைவிட நடுவை வரைவது கடினம் என்றே நினைக்கிறேன். கொஞ்சம் பிசகினால் நாடக மேடை மயக்கமாகிவிடும். லான்ஃபிராங்கோ பிசகவில்லை. காலடியில் அந்த நாயும் இருக்கிறது. அவள் பழைய வாழ்க்கையிலிருந்து படத்துக்குள் வந்த ஒரே உயிர் அதுதான். மேகமோ கிறிஸ்துவோ அதற்குப் பொருட்டில்லை.

லான்ஃபிராங்கோ 1582இல் பார்மாவில் பிறந்தவர். பார்மா பேராலயக் கும்பத்தின் உட்புறத்தில் கொரெஜ்ஜோ 1526 முதல் 1530 வரை வரைந்த மரியாவின் விண்ணேற்பு அங்கே இருக்கிறது. மேகம் மேகமாகச் சுழன்று மேலேறும் கூட்டத்தைக் கீழிருந்து அண்ணாந்து பார்க்க வேண்டும். அதைப் பார்த்து வளர்ந்தவருக்கு வானம் வெறுமையாக இருக்க வாய்ப்பே இல்லை. மார்கரெட்டை முடித்த சில ஆண்டுகளில், 1625க்கும் 1627க்கும் இடையில், ரோமின் சான் அந்திரேயா தெல்லா வல்லே கும்பத்தில் அவரே அப்படியொரு வானத்தைத் திறந்துவிட்டார். மார்கரெட் படத்தின் உயரம் 230 செ.மீ.; பீடத்துக்கு மேலே, மெழுகுதிரி வெளிச்சத்தில், மண்டியிட்டிருப்பவரின் தலைக்கு மேல் நிற்க வேண்டிய படம். கீழேயிருந்து பார்க்கும் பக்தரின் பார்வை முதலில் சாயும் பெண்ணில் பட்டு, அவள் பார்வையின் வழியே மேலே போகும். கலை வரலாற்று நூல்களில் இவ்விரு படங்களையும் ஒரே பக்கத்தில் ஒரே அளவில் அச்சடித்துவிடுகிறார்கள். அப்படிப் பார்த்தால் காரவாஜ்ஜோவுக்கு லாபம், லான்ஃபிராங்கோவுக்கு நட்டம். பீடத்தை இழந்தபின் அவருடைய படம் கொஞ்சம் உரக்கப் பேசுவதுபோல் தோன்றுவது அவர் குற்றமில்லை. மெதிச்சி குடும்பத்தார் கைக்கு அது போய்ச் சேர்ந்ததிலிருந்து தொடங்கிய வினை அது.

இந்த வேற்றுமை தற்செயலா என்று பார்க்க இன்னொரு ஜோடி கைவசம் இருக்கிறது. மரிய மதலேனாள் குகையில் தவமிருந்தபோது தூதர்கள் நாள்தோறும் அவளை விண்ணுக்குத் தூக்கிப்போய்க் கொண்டுவந்து விட்டார்கள் என்பது இடைக்காலக் கதை. லான்ஃபிராங்கோ இதைப் ஃபர்னேசே மாளிகைக்காக வரைந்தார். இப்போது நேப்பிள்சின் கப்போதிமோந்தே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. விரிந்த நிலமும் நீரும் கீழே கிடக்க, தூதர்கள் அவளை ஆகாயத்தில் ஏந்திச் செல்கிறார்கள். காரவாஜ்ஜோவும் அதே மதலேனாளை 1606இல், ரோமில் ஒருவரைக் கொன்றுவிட்டு ஊரைவிட்டு ஓடி ஒளிந்திருந்த மாதங்களில், வரைந்தார். மூலப்படம் எது என்பதில் இன்றும் வாதம் ஓய்ந்தபாடில்லை. பிரதிகள் வழியாக அமைப்பு தெரிகிறது. அதில் தூதர் யாரும் இல்லை. இருட்டில் ஒரு பெண் பின்னால் சாய்ந்து கிடக்கிறாள், வெள்ளைச் சட்டையில் வெளிச்சம், அவ்வளவே. 1595இல் செராபீனை எடுத்தவர் தூதரை வைத்திருந்தார். 1606இல் தூதரையும் எடுத்துவிட்டார்.

நடுவில் தமஸ்கு வழியில் விழுந்த பவுல் இருக்கிறார். சாந்தா மரியா தெல் போப்பொலோ கோயிலின் செராசி சிற்றாலயத்துக்கு 1600இல் ஒப்பந்தமான வேலை. முதலில் காரவாஜ்ஜோ வரைந்த பதிப்பில் கிறிஸ்து மேலிருந்து கை நீட்டி இறங்கி வருகிறார், ஒரு தூதர் அவரைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். அந்தப் படம் சிற்றாலயத்துக்குப் போகவில்லை. இன்று அங்கே இருக்கும் இரண்டாவது பதிப்பில் கிறிஸ்துவைக் காணோம். குதிரை, குதிரைக்காரன், தரையில் கைவிரித்துக் கிடக்கும் இளைஞன். கிறிஸ்துவை வரையத் தெரியாமலோ வரைய மனமில்லாமலோ அவர் அப்படிச் செய்யவில்லை என்பதற்கு முதல் பதிப்பே சான்று. வரைந்து பார்த்தார், பிறகு வேண்டாம் என்று முடிவுகட்டினார். இன்னொன்றும் இதில் கவனிக்க வேண்டும். இது தனியார் சுவர் இல்லை, கோயில்; பொதுமக்கள் பார்க்கும் இடம். ஆகவே பீடமா சுவரா என்பது மட்டும் எல்லாவற்றையும் தீர்மானித்துவிட்டது என்று நான் மேலே சொன்னதை முழு விளக்கமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இடம் ஒரு காரணம். காரவாஜ்ஜோவின் பிடிவாதம் இன்னொரு காரணம்.

அந்தப் பிடிவாதத்தைப் பகுத்தறிவு என்று இன்று பாராட்டுகிறவர்கள் உண்டு. வானத்தை அவர் நம்பவில்லை, மனித உடலை நம்பினார் என்கிறார்கள். ஹார்ட்ஃபர்ட் தூதர் இருக்கும்வரை இந்த வாதம் நிற்காது. அவநம்பிக்கைக்காரர் செராபீனோடு தூதரையும் சேர்த்தே எடுத்திருப்பார். அல்லது தூதரை மங்கலாக, கனவுபோல வரைந்திருப்பார். காரவாஜ்ஜோவோ அவருக்குத் தோள் எலும்பும் விரல் நகமும் கொடுத்து, பிரான்சிஸைவிடத் திடமாக உட்காரவைத்திருக்கிறார். புனிதர் கண்ட காட்சி நமக்குக் கிடைக்காது, ஆனால் அவருக்குக் கிடைத்த பராமரிப்பைப் பார்க்கலாம் என்று சொல்வதுபோல் இருக்கிறது. லான்ஃபிராங்கோவிடம் இது தலைகீழ். காட்சி நமக்கு முழுதாகக் கிடைக்கிறது. மார்கரெட்டைத் தாங்கும் தூதர்களை நாம் கவனிப்பதேயில்லை. நம் கண் அவர்களைத் தாண்டி மேலே போய்விடுகிறது.

இரண்டில் எது உயர்ந்தது என்று கேட்டால், தனியே ஒரு அறையில் பார்க்கக் காரவாஜ்ஜோவையே கேட்பேன். ஆனால் அடுத்த தலைமுறைக்கு அதிகம் உதவியவர் லான்ஃபிராங்கோ. பின்னால் சாய்ந்த தலை, திறந்த வாய், பிடிப்பிழந்த கை என்ற அந்த உடல்மொழி ரோமில் பல பீடங்களுக்கு ஏறியது. அதில் மிகப் புகழ்பெற்றது ஓவியமே இல்லை. 1647க்கும் 1652க்கும் இடையில் சாந்தா மரியா தெல்லா வித்தோரியா கோயிலில் பெர்னினி பளிங்கில் செதுக்கிய அவிலா தெரேசா அது. உடல் மார்கரெட்டின் உடல். இதைக் கலை வரலாற்றாசிரியர்கள் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் மேலே மேகத்தில் கிறிஸ்து இல்லை. பொன் பூசிய கதிர்கள் இறங்க, மறைவான சன்னலிலிருந்து பகல் வெளிச்சம் விழ, ஒரு தூதர் மட்டும் தெரேசாவின் அருகே நிற்கிறார். காரவாஜ்ஜோவின் தூதரைப் போல் நமக்கு மட்டும் தெரிபவர் இல்லை அவர். அம்பு ஏந்தி வந்ததாகத் தெரேசாவே எழுதிவைத்த தூதர்.

யார் கண்ணால் பார்ப்பது என்ற பழைய சிக்கலுக்குப் பெர்னினி வேறொரு வழி பார்த்தார். சாட்சிகளையே சுவரில் உட்காரவைத்துவிட்டார். இரு பக்கச் சுவர்களிலும் நாடக அரங்கின் மாடம்போல அமைத்து, செலவை ஏற்ற கர்தினால் பெதெரிகோ கொர்னாரோவையும் அவர் குடும்பத்துப் பெரியவர்களையும் எட்டு பேராகச் செதுக்கினார். ஒருவர் புத்தகம் புரட்டுகிறார், சிலர் ஒருவரோடொருவர் விவாதிக்கிறார்கள். அவர்கள் உட்கார்ந்திருக்கும் கோணத்திலிருந்து தெரேசா கண்ணில் படுவாளா என்பதே ஐயம். படமாட்டாள் என்றுதான் நினைக்கிறேன். அவர்கள் பேசிக்கொண்டிருப்பதும் அதைப் பற்றித்தானோ என்னவோ.